இருபத்திரண்டு நாள் உப்புத் தண்ணி

மதராசில் வீடு பார்க்கப் போகிறவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் தண்ணியைக் கேட்பார்கள். நல்ல தண்ணி உண்டா, உப்புத் தண்ணி மட்டும்தானா? நல்ல தண்ணி என்றால் கார்ப்பரேஷன் குழாயில் வருவது. அதுவும் மனசு வைத்தால்தான் வரும். உப்புத் தண்ணி என்றால் கொல்லைக் கிணற்றில் இருப்பது. அதில் குளிக்கலாம், துணி துவைக்கலாம், வாசல் தெளிக்கலாம். பருப்பு மட்டும் வேகாது. அதில் உப்பு எவ்வளவு என்று யாரும் அளந்து பார்த்தது கிடையாது. பெயர் அப்படி விழுந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த ஊரில் பிறந்த யாரிடமாவது உப்புத் தண்ணி கொண்டுவா என்று சொல்லிப் பாருங்கள், நேரே கிணற்றடிக்குத்தான் போவார். குப்பம்மாவும் அங்கேதான் போனாள். அதில் அவள் மேல் என்ன குற்றம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

குப்பம்மாவுக்கு வீடு பெருங்குடியில். விடிந்ததும் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு, திருவான்மியூர் வரைக்கும் நடந்து, அங்கே பஸ் பிடித்து அடையாறு வந்து சேருவாள். அங்கே பயிர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் தோட்டத்தில் தினக்கூலி. ஏழு வருஷமாகத் தினக்கூலி. அவளுக்கு மேலே டாக்டர் மீனாட்சி. மைலாப்பூர்க்காரர், நாற்பது வயசு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டாக்டர் என்றதும் முதல் வருஷம் குப்பம்மா தன் இடுப்பு வலிக்கு மாத்திரை கேட்டாள். "நான் மனுஷாளுக்கு டாக்டர் இல்லடி, நெல்லுக்கு" என்று அவர் சிரித்த சிரிப்பில்தான் இரண்டு பேருக்கும் பழக்கம் ஏற்பட்டது.

உப்புப் பூத்த மண்ணில் எந்த நெல் தாங்கும் என்பது டாக்டரின் கேள்வி. அதற்காக நாற்பது ரக நெல்லைத் தொட்டிகளில் வளர்த்தார். தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே குப்பம்மாவுக்குப் பாடமும் சொல்லுவார்.

"சில பயிர் உப்பை வேர்லயே தடுத்து நிறுத்திடும். சிலது உள்ளே விட்டுட்டு, எல்லாத்தையும் பழைய இலையில கொண்டுபோய்ச் சேத்து வெச்சுக்கும். பழைய இலை காஞ்சு விழுந்துடும். குருத்து பொழைச்சுக்கும். புரியறதோ?"

"பெத்தவங்க பட்டினி கெடந்து புள்ளைக்கி ஊட்டுற மாரியாம்மா?"

"அப்படியே வெச்சுக்கோயேன்."

இதை வீட்டில் போய்ப் புருஷன் ஏகாம்பரத்திடம் சொன்னாள். அவன், "அக்காங், பயிருக்குக் கீற அறிவு கூட எனக்கு இல்லன்றியா?" என்று சிரித்தான்.

அவன் சிரித்தது அந்த வருஷத்தில் அபூர்வம். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு காணி நிலம், கால்வாய்க் கரையோரம். இரண்டு வருஷமாக மழை பொய்த்து ஏரி வறண்டுபோனதும், கால்வாய் வழியாகக் கடல் தண்ணி மேலே ஏறி வந்துவிட்டது. நிலத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. விதைத்த நெல் இரண்டு தடவை கருகிப் போயிற்று. தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த பொன்ராஜ் அண்ணாச்சி கிடங்கு கட்ட அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. கேட்பதையும் வற்புறுத்தாமல்தான் கேட்டார். ஏகாம்பரம்தான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தான்.

எழுபத்து நாலாம் வருஷம் ஆடி மாசம் டாக்டர் மீனாட்சி டில்லிக்குக் கிளம்பினார்.

"குப்பம்மா, நன்னாக் கேட்டுக்கோ. நான் வர மூணு வாரத்துக்கு மேல ஆகும். சேப்புச் சீட்டு ஒட்டின தொட்டிக்கெல்லாம் முளைச்ச நாள்லேருந்து உப்புத் தண்ணி. வெள்ளைச் சீட்டுக்கு நல்ல தண்ணி. ஒரு நாள்கூட மாத்திப்பிடாதே."

"மாத்துவனாம்மா?"

மாற்றவில்லை. வெள்ளைச் சீட்டுக்குக் குழாய், சிவப்புச் சீட்டுக்குக் கொல்லைக் கிணறு. ஞாயிற்றுக்கிழமை கூட வந்து இறைத்து ஊற்றினாள். கொட்டகை ஓரத்தில் ஒரு நீலப் பீப்பாய் இருந்தது. அதன் மேல் எப்போதோ ஒட்டிய மண்டையோட்டுப் படம் பாதி கிழிந்து தொங்கியது. அந்தப் பக்கமே அவள் போகவில்லை. டாக்டர் சொன்ன உப்புத் தண்ணி, அளந்து கரைத்த உப்போடு, அந்தப் பீப்பாயில்தான் இருந்தது. கரைத்து வைத்தவர் லேப் அட்டெண்டர் வலியுல்லா. கரைத்த மறுநாளே மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். விவரத்தைக் குப்பம்மாவிடம் சொல்ல ஆள் இல்லை.

இருபத்திரண்டாம் நாள் வலியுல்லா மெலிந்து, கண் இன்னும் மஞ்சளாக, வேலைக்குத் திரும்பி வந்தார். பீப்பாய் மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னா குப்பம்மா, பீப்பா ரொம்பி அப்டியே கீது?"

"அத்த நா இன்னாத்துக்குத் தொடறேன்? மண்ட ஓடு போட்டுக்கீது."

"அப்ப செவப்புச் சீட்டுக்கு இன்னாத்த ஊத்துன?"

"உப்புத் தண்ணிதான். தோ, கெணத்துலேர்ந்து."

"யா அல்லா!" வலியுல்லா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அது உப்புத் தண்ணி இல்ல குப்பம்மா. இதான் உப்புத் தண்ணி."

குப்பம்மா ஒரு விரலைப் பீப்பாயில் தொட்டு நாக்கில் வைத்தாள். கடல்.

"டாக்டரம்மா வந்ததும் சொல்லிட்றேன்" என்றாள்.

"சொல்லு. ஒன்னிய நாளைக்கே நிறுத்துவாங்க. பெர்மனெண்ட்டுனு ஏழு வருசமா ஓடிகினு கீறியே, அது போச்சி. என்னியும் கேப்பாங்க, பீப்பா வெசயத்த ஏன்டா ஆள உட்டுச் சொல்லியனுப்பலன்னு. மூணு பொண்ணு எனக்கு. இன்னும் ஒர்த்திக்குக் கூட நிக்கா ஆவல."

அத்தனை நாளும் ஊற்றிக் குறைந்தது போலத் தெரியட்டும் என்று வலியுல்லா பாதிப் பீப்பாயைச் சாக்கடையில் கவிழ்த்தார். அன்றிலிருந்து குப்பம்மா சிவப்புச் சீட்டுக்குப் பீப்பாய்த் தண்ணியை ஊற்றினாள். மறுநாள் டாக்டர் வந்தார். தொட்டிகள் பச்சைப் பசேல் என்று நிற்பதைக் கண்டு முதலில் நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகப் பயிர்கள் சாய ஆரம்பித்தன. ஒரு மாசத்தில் முப்பத்தொன்பது ரகம் போயிற்று. பதினேழாம் நம்பர் மட்டும், ராமநாதபுரத்துக் கடலோரத்திலிருந்து வந்த சிவப்பு நெல், அடி இலைகளைக் காயவிட்டுக் குருத்தை நிமிர்த்தி நின்றது. கதிரும் பிடித்தது. டாக்டர் மீனாட்சி குப்பம்மாவின் சேற்றுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். குப்பம்மாவுக்கு அந்த நிமிஷமே பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது.

பதினேழாம் நம்பரைப் பற்றி டாக்டர் ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார். முளைத்த நாளிலிருந்தே உப்பைத் தாங்கும் நெல் என்று அதில் எழுதியிருந்தது. அடுத்த வருஷம் வைகாசியில் அந்த ரகத்தில் ஒரு மூட்டை வரவழைத்தார்.

"குப்பம்மா, உங்காத்து நிலம் உப்புப் பூத்துக் கெடக்குன்னு சொன்னியே. அங்கயே விதைச்சுப் பார்ப்போம். நாத்துவிட்டு நடப்படாது. நேரா நிலத்துல தூவணும், கால்வாய்த் தண்ணிதான் பாய்ச்சணும். அப்போதான் அது பரிசோதனை."

நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கத்தான் திறந்தாள். "அம்மா, அந்தத் தொட்டிங்கோ..." என்று ஆரம்பித்ததும் டாக்டர் மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

"தெரியும், தெரியும். நீ இல்லாம அந்தத் தொட்டி ஏது? ஒன்னை நிரந்தரம் பண்ணணும்னு டைரக்டருக்கு எழுதிட்டேன். பதினேழை வளர்த்த கைன்னே எழுதியிருக்கேன், பார்."

குப்பம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் அன்றைக்கு ஏகாம்பரம் நெத்திலிக் கருவாடு வாங்கி வைத்திருந்தான். மண் எடுக்க டாக்டர் அனுப்பிய ஆள் சொல்லி, விஷயம் அவனுக்கு முன்பே எட்டிவிட்டது. அவள் முகத்தைப் பார்க்கக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை.

"அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டேன்மே. டாக்டரம்மா வெத குடுக்கறாங்கோ, ஆடியில தூவப்போறேன். பயிரு நின்னுச்சின்னா நெலம் எனுது. நிக்கலன்னா பொரட்டாசியில கையெழுத்து. சர்தான்ட்டாரு."

"யாரக் கேட்டுகினு அப்டிச் சொன்ன?"

"யாரக் கேக்கணும்? அச்சடிச்ச காயிதத்துல போட்டுக்கீதாமே?"

கருவாட்டை அடுப்பில் வாட்டிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் அவள் சொன்னாள்: "நேராத் தூவ வோணாம்யா. நம்ம ஊட்டுக் கெணத்துத் தண்ணியில நாத்து உட்டு, ஒரு மாசம் வளத்து, அப்பறம் புடுங்கி நடலாம்."

"ஏன்?"

ஏன் என்றதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் அவன் நாளைக்கே அடையாற்றில் போய் நிற்பான். வலியுல்லாவின் மூன்று பெண்கள், டாக்டரின் அச்சடித்த காகிதம், தன் எட்டு வருஷம், எல்லாம் அந்த ஒரு பதிலில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

"தோணிச்சி" என்றாள்.

"டாக்டரம்மாக்குத் தெரியாதது ஒனக்குத் தோணிடிச்சாக்கும். கருவாடு தீயுது பாரு."

ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் விதையை ஊறவைக்கிற வேலை குப்பம்மாவுடையது. கோணியில் கட்டி நனைத்து வைத்ததிலிருந்து ஒரு மரக்கால் விதையைத் தனியே அள்ளினாள். ஏகாம்பரம் கால்வாய்க் கரையில் கிடந்த நேரம் பார்த்து, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மண்ணைக் கொத்தி, சாணம் கலந்து, அதைத் தூவினாள். வீட்டுக் கிணற்றுத் தண்ணியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். அடையாற்றுக் கிணற்றின் ருசிதான். மனசு கொஞ்சம் ஆறியது. இது என்ன என்று ஏகாம்பரம் கேட்டபோது, கன்றுக்குட்டிக்குப் பச்சை என்றாள். கன்றுக்குட்டி அதை நம்பி ஒரு மூலையை மேய்ந்தும் விட்டது. அன்றைக்கு அது வாங்கிய அடியை ஜென்மத்துக்கும் மறந்திருக்காது.

நிலத்தில் தூவிய நெல் ஐந்தாம் நாள் முளைத்தது. ஏகாம்பரம் அன்றைக்குத் தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். குப்பம்மா போகவில்லை, தலைவலி என்று படுத்துக்கொண்டாள். பத்தாம் நாள் நுனி மஞ்சளித்தது. பதினைந்தாம் நாள் முளை எல்லாம் வெளுத்துப் படுத்துவிட்டது. நீள நெடுக ஒரு காணியும்.

பதினெட்டாம் நாள் டாக்டர் மீனாட்சி ஜீப்பில் வந்தார். கூட வலியுல்லா. டாக்டர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தார். குனிந்து ஒரு முளையைப் பிடுங்கிப் பார்த்தார், இன்னொன்றையும் பிடுங்கினார். வேர் பழுப்பாக இருந்தது.

"தொட்டியில நின்னுதே. அதே நெல். அதே உப்புதான், மண்ணை அளந்து பார்த்துட்டுத்தானே குடுத்தேன்" என்று தனக்குத் தானே பேசிக்கொண்டார். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்தார். "விதைச்சதுல ஏதோ கோளாறு பண்ணியிருக்கேள். ரொம்ப ஆழத்துல விழுந்துடுத்தா? தண்ணி தேங்கிடுத்தா?" பதிலுக்குக் காத்திராமல் நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தார்.

ஏகாம்பரம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். பத்து வயசிலிருந்து அந்த நிலத்தில் விதைத்தவன். தன் வலது கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"எங் கையிதாம்மா" என்றான். "வேற ஒண்ணியும் இல்ல. மூணு தபா தூவுனேன், மூணு தபாவும் போச்சி. நெலத்த உப்பு கெடுத்துச்சின்னு நெனச்சிகினு இருந்தேன். எங் கையிதான் வெளங்காம போய்ட்ச்சி. எயுதிக்கங்க."

நிலம் போவதைக் குப்பம்மா தாங்கிக்கொண்டிருப்பாள். அதற்கு மனசைத் தயார் செய்து வைத்திருந்தாள். அவன் கையைத் திருப்பிப் பார்த்ததை அவளால் தாங்க முடியவில்லை.

"உங் கையி இல்லய்யா" என்றாள். "எங் காது."

டாக்டர் நிமிர்ந்தார். "என்னடி சொல்றே?"

"டில்லிக்குப் போவசொல்ல உப்புத் தண்ணி ஊத்துன்னு சொன்னீங்களேம்மா. நா உப்புத்தண்ணிக் கெணத்துலேர்ந்து எறச்சி ஊத்துனேன். பீப்பாவத் தொடவேயில்ல. எங்கூர்ல அத்தத்தான்மா உப்புத் தண்ணின்னுவாங்க."

ஜீப்பருகே நின்ற வலியுல்லாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரே இரண்டு அடி முன்னால் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "பாதிப் பீப்பாவக் கொட்டினது நாந்தாம்மா" என்றார்.

"எத்தனை நாள் ஊத்தினே?" டாக்டரின் குரல் அடியோடு இறங்கியிருந்தது.

"இருவத்திரண்டு நாளு."

"கட்டுரை அச்சாயிடுத்துடி" என்றார் டாக்டர்.

குப்பம்மா அவரைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் நாற்றைக் காட்டினாள். கன்று மேய்ந்த மூலை போக மற்றது ஒரு சாண் உயரத்தில் பச்சையாக நின்றது. எந்தத் தண்ணி, எத்தனை நாள் என்று சொன்னாள். டாக்டர் புடவை மண்ணில் புரள உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். நோட்டில் எழுதியதைக் குறுக்கே அடித்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஏகாம்பரம் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒரு வருசமா தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"எங்கிட்ட சொல்லல."

"நாத்து உட்டு நடலாம்னு சொன்னனே."

"ஏன்னு கேட்டேன். அத்தச் சொல்லல."

இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் எழுந்து வந்தபோது நாற்றுக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே அடையாற்றிலிருந்து ஆள் வந்தது. கணக்குத் தீர்த்து அனுப்பத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனாள் குப்பம்மா. டாக்டரின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"கட்டுரை தப்புன்னு எழுதிப் போட்டாச்சு. உன்னைப் பத்தி எழுதின லெட்டரையும் வாபஸ் வாங்கிண்டுட்டேன். தினக்கூலியிலேருந்து நிறுத்தாம வெச்சிருக்கேன். என்னால ஆனது அவ்வளவுதான். வலியுல்லாவை என்ன பண்றதுன்னு டைரக்டர் யோசிச்சிண்டிருக்கார்." நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "இப்போ கேளு. அதே கிணறு. அதே நாப்பது ரகம். அதே இருபத்திரண்டு நாள். நீ பண்ணின தப்பை நீயே மறுபடியும் பண்ணிக் காட்டணும். இந்தத் தடவை அந்தத் தண்ணியில எவ்வளவு உப்புன்னு தினம் நான் அளக்கறேன்."

"அம்மா, நடவு வருதும்மா. நடுவுல ரெண்டு நாளு மட்டும்..."

"ஒரு நாள்கூடக் கிடையாது. நீ இறைச்ச மாதிரி வேற யார் இறைப்பா?"

கோபத்தில் சொன்னாரா, வேறு எதிலா, குப்பம்மாவுக்குப் பிடிபடவில்லை. தொட்டிகளில் புது நெல் முளைத்ததும் கிணற்றடிக்குப் போய்க் கயிற்றை எடுத்தாள்.

பதினான்காம் நாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. வெயில் தாழ்வதற்குள் பெருங்குடிக்கு வந்துவிட்டாள். நிலத்தில் மூன்று பக்கமும் புதுக் கல் நட்டிருந்தது. பொன்ராஜ் அண்ணாச்சியின் ஆட்கள் நிலம் அளந்த சங்கிலியைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரோட்டுப் பக்கம் முக்கால் காணி அவருக்கு. கால்வாய்ப் பக்கம், உப்பு அதிகமாக ஏறிய கால் காணி, நாற்றைக் காட்டிக் கேட்டுக்கொண்டதில், ஏகாம்பரத்துக்கு. ஒரு மரக்கால் நாற்று அதற்குத்தான் காணும். அதற்குப் போக வழி அண்ணாச்சியின் நிலத்தில்தான். நடந்துகொள்ளலாம் என்று வாயால் சொல்லியிருந்தார்.

ஏகாம்பரம் முழங்கால் சேற்றில் தனியாக நட்டுக்கொண்டிருந்தான். குப்பம்மா தூக்குப் பாத்திரத்தை வரப்பில் வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"கையெயுத்து போட்டுட்டியா?"

"எனக்கு எங்க கையெயுத்து?" அவன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். பெருவிரலில் ஊதா மை. கழுவாமலே நட வந்துவிட்டான். நட்ட ஒவ்வொரு நாற்றையும் அந்த விரலால்தான் சேற்றில் அழுத்தியிருந்தான்.

"இன்னும் எத்தினி நாளு ஒனக்கு?"

"எட்டு."

அவன் தலையாட்டினான். கல் நட்ட பக்கம் திரும்பாமலே பேசினான். "டாக்டரம்மா சொன்னாங்கன்னியே, பழைய எலய உட்டுட்டுக் குருத்தக் காப்பாத்திக்கும்னு. உட்டாச்சி பழைய எலய. குருத்து நிக்குமாமே?"

வரப்போரம் வெள்ளை பூத்திருந்தது. கால்வாயில் கடல் ஏறும் நேரம். தண்ணி மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. குப்பம்மா ஒரு கட்டு நாற்றை எடுத்து, வேரை அலசி, மூன்று நான்கு நாற்றாகப் பிரித்து, அந்த மை விரல் கையில் வைத்தாள்.

"நிக்குமான்னு எனக்குத் தெரியாதுய்யா" என்றாள். "உங் கையி நல்ல கையி. அது தெரியும். நடு."